மதில்மேல்

தோமாரில் ரயில் பாதை முடிந்துவிட்டது.
ஆற்றில் ஒரு மரச்சக்கரம்
மண்குடங்களில் நீரள்ளி மேலே கொண்டுபோய்
பாதியைத் திரும்ப ஆற்றிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.
அவசரப்படுத்த ஆளில்லாததுதான்
தனிப்பயணத்தின் சுகம் என்பார்கள்.
நாற்பது நிமிடம் சுகமாக நின்றேன்.

எவோராவில்
எலும்புகளால் சுவரெழுப்பிய சிற்றாலயம்.
கன்னத்தோடு கன்னம் ஒட்டி மண்டையோடுகள்,
ஒன்றுகூடத் தனியாக இல்லை.
வெளியே வந்து
பழைய நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்குள்
செருகிக் கட்டிய வீடுகளைப் பார்த்தேன்.
வளைவுக்கு ஒரு குடும்பம்.
பதினேழாம் எண் கதவில்
மின்கட்டண ரசீது பாதி வெளியே தொங்கியது.

இரவு உணவகத்தில்
பரிமாறுகிறவன் எதிர்த்தட்டை எடுத்துப் போனான்,
பிறகு முள்ளும் கத்தியும், பிறகு கோப்பை,
கடைசியில் நாற்காலியையும்.
கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வந்தன.
அன்பு என்று நினைத்துத் தின்றேன்.
ரசீதில் இருந்தது: மூன்று யூரோ ஐம்பது.

ஓபிடோஸை மதில்
அரைஞாண் மாதிரிச் சுற்றிக்கொண்டிருக்கிறது.
வெள்ளைச் சுவர்கள், அடியில் நீலமோ மஞ்சளோ ஒரு பட்டை.
சாக்லேட் கோப்பையில் செர்ரி மது;
குடித்துவிட்டுக் கோப்பையையும் தின்னலாம்.
இரண்டு வாங்கினால் விலை குறைவு என்றாள் கடைக்காரி.
ஒரு விரலைக் காட்டினேன்.
இந்தப் பயணம் முழுக்க
அந்த விரலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

மதில்மேல் நடக்கலாம்.
வெளிப்பக்கம் மார்பளவு கல்.
உட்பக்கம் ஒன்றுமில்லை,
காற்று, அதற்குக் கீழே யாருடையதோ எலுமிச்சை மரம்.
பாதை ஒருவருக்குத்தான் அகலம்,
எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது போல.

மூன்றாவது கோபுரம் தாண்டி
ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.
ஒரு காலில் மட்டும் செருப்பு,
மடியில் ஈரமாக ஒரு படுக்கை விரிப்பு.
கல்லைக் கட்டிப்பிடித்தபடி நிறையச் சொன்னாள்.
ஒன்றும் விளங்கவில்லை.
பிறகு கீழே ஒரு நீலச் சட்டத்தைக் காட்டி
"ஜனெலா" என்றாள்.
அட, ஜன்னல்.
காற்று பிடுங்கி எறிந்ததைத்
துரத்திக்கொண்டு ஏறியிருக்கிறாள்.
எடுக்கும்வரை கீழே பார்க்கவில்லை.

பூனையாவது மதில்மேல் இருந்து
எந்தப் பக்கம் குதிப்பதென்று யோசிக்கும்.
எங்களுக்கு இருந்தது ஒரே பக்கம்.
விரிப்பின் ஒரு முனையை அவள் மணிக்கட்டில் சுற்றி
மறுமுனையைப் பிடித்து முன்னால் நடந்தேன்.
எதிரே கேமராவோடு வந்தவர்கள்
கல்லோடு ஒட்டி வழிவிட்டார்கள்.
ஒரு பிள்ளை கைதட்டியது.

படிக்கட்டு முடிந்ததும்
அவள் முதலில் செய்தது என்னைத் திட்டியதுதான்
(தொனியை வைத்துச் சொல்கிறேன்).
பிறகு அழுதாள்.
அதற்குப் பிறகுதான் பெயர் சொன்னாள், சுல்மீரா.
பக்கத்து வீட்டு மீன்காரர் ஆங்கிலத்தில் மீதியைச் சொன்னார்:
விடுதிகளுக்குத் துணி துவைக்கிறவள்,
முப்பத்தொரு வருடமாக இங்கேதான்,
மதில்மேல் ஏறியதே இல்லை.

நான்கரைக்குப் பேருந்து, கிளம்பப் பார்த்தேன்.
அவள் கொடியிலிருந்து காய்ந்த விரிப்பொன்றை உருவி
இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினாள்.

முற்றத்தில் எதிரெதிரே நின்றோம்.
இழுத்தோம், உதறினோம், பாதியாக்கினோம்.
அவள் என்னை நோக்கி நடந்து வந்து
தன் முனைகளை என் விரல்களில் வைத்துவிட்டுக்
குனிந்து மடிப்பை எடுத்தாள்.
விலகினாள்.
மறுபடி வந்தாள்.
சோப்பும் பூண்டும் மணந்தது.

பதினொரு நாளாக
யாரோ இருவர் மடித்ததில்தான் படுத்து எழுந்திருக்கிறேன்.
வீட்டில் என் விரிப்பை முகவாயில் இடுக்கிக்கொண்டு மடிப்பேன்.
ஒருநாளும் விளிம்பு சேர்ந்ததில்லை.

கூடையில் இன்னும் நான்கு இருந்தன.
மதிலுக்கு அந்தப் பக்கம்
நான்கரைப் பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது.
நான் முனைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.